ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்குபவருக்கு எந்த எடிட்டர் வசதி?

நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரி வந்து ஒரு கணினி மையத்தில், இணையப் பக்கங்களை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் படிக்கிறீர்கள். பி.காம் முடித்தவர். கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். மையத்தில் ஒரு எடிட்டரை, அதாவது நிரல் எழுதும் மென்பொருளைச் சொல்கிறார்கள், யூடியூபில் வேறொன்றைச் சொல்கிறார்கள், நோட்பேடே போதும் என்கிறார் உங்கள் அண்ணன். இதில் பயன்படுத்த எளிதானது எது என்பது உங்கள் கேள்வி. கூடவே மூன்று துணைக் கேள்விகள்: நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதினால் ஏதாவது கெடுமா, கரண்ட் போனால் எழுதியது போய்விடுமா, எடிட்டர் லைசென்ஸ் என்று மையத்தில் 1,500 ரூபாய் கேட்கிறார்களே, கட்ட வேண்டுமா. உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எது எளிது என்பதைவிட, தப்பான ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாலு மாதம் வீணாகிவிடுமோ என்ற பயம்தான் அதில் அதிகம் தெரிகிறது. அந்தப் பயம் வேண்டாம். எடிட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் எழுதும் ஃபைல் வெறும் எழுத்துதான், எந்த எடிட்டரிலும் அப்படியே திறக்கும்.

நேரடிப் பதில்: விஷுவல் ஸ்டூடியோ கோட், எல்லாரும் சொல்லும் விஎஸ் கோட். உங்கள் லேப்டாப் தாங்கினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் என்ன செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன். நான் பதின்மூன்று வருடமாகப் புதுச்சேரியில் இணையதள வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறேழு பேருக்குச் சொல்லியும் தருகிறேன். புதிதாகப் படிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்ததில் தெரிந்துகொண்டவைதான் இங்கே சொல்பவற்றில் பாதி. அவற்றை என் அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எளிது என்றதும் பலரும் நினைப்பது, திரையில் பொத்தான்கள் குறைவாக இருக்க வேண்டும் என்று. அப்படிப் பார்த்தால் நோட்பேடை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் ஒருவரை வாட்டுவது பொத்தான்கள் இல்லை, தன் தவறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதுதான். என்னிடம் வந்த ஒரு பெண், வரலாறு படித்தவர், நோட்பேடில் நாற்பது வரி எழுதிக்கொண்டு வந்தார். பிரவுசரில் திறந்தால் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடியிருக்கிறார். அதே ஃபைலை விஎஸ் கோடில் திறந்தோம். கடைசி வரியின் அடியில் சிவப்பு நெளிகோடு. சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால், மூடும் நெளிவடைப்பு எதிர்பார்க்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான், ஒரு அடைப்பு மூடாமல் விட்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தச் சிவப்புக் கோடு ஃபைலின் கடைசியில் வந்தது, ஆனால் அடைப்பு விடுபட்டது பன்னிரண்டாம் வரியில். எடிட்டரைக் குறை சொல்ல முடியாது. எங்காவது மூடும், எங்காவது மூடும் என்று கடைசி வரை காத்திருந்து, ஃபைல் முடிந்த பிறகுதான் அது முறையிடுகிறது. அப்படியானால் உண்மையான இடத்தை எப்படிப் பிடிப்பது? ஷிஃப்ட், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விஎஸ் கோடுக்குள்ளேயே இருக்கும் ஒழுங்குபடுத்தும் வசதி வரிகளை உள்தள்ளி அடுக்கும். எந்த இடத்திலிருந்து வரிகள் தேவையில்லாமல் ஒரு படி உள்ளே போக ஆரம்பிக்கின்றனவோ, அதற்குச் சற்று மேலேதான் அடைப்பு விடுபட்டிருக்கும். அடைப்புகளுக்கு ஜோடி ஜோடியாக நிறம் கொடுப்பதும் 2022 முதல் தானாகவே இயங்குகிறது. அந்தப் பெண் இதை ஒரே முறை பார்த்தார். அதற்கப்புறம் அடைப்புப் பிரச்சினையோடு என்னிடம் வந்ததே இல்லை.

அடுத்தது எழுத்துப்பிழை. டாக்குமென்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு யு விடுபட்டால் விஎஸ் கோட் சாதாரணமாகச் சிவப்புக் கோடு போடாது, அதிகம் போனால் சொல்லின் அடியில் மங்கலான சில புள்ளிகளைக் காட்டும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பெயர் வேறெங்காவது இருக்கலாம் என்று விட்டுவிடும். ஓடும்போதுதான் பிரவுசர் கத்தும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃபைலின் முதல் வரியில் இரண்டு சாய்கோடு போட்டு, இடைவெளி விட்டு, அட் குறி, அதோடு ஒட்டி டிஎஸ், நடுவில் ஒரு சிறுகோடு, பிறகு செக் என்று எழுதுங்கள், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். பார்ப்பதற்கு வெறும் குறிப்பு வரிதான், ஓடும் நிரலை அது தொடாது. ஆனால் அதன் பிறகு எடிட்டர் ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க ஆரம்பிக்கும். இந்தப் பெயர் தெரியவில்லை, டாக்குமென்ட் என்று எழுத நினைத்தீர்களா என்று அதுவே கேட்கும். எல்லா நேரமும் அது சொல்வது சரியாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு உள்ளீட்டுப் பெட்டியை ஐடி வைத்து எடுத்து அதன் வேல்யூவைக் கேட்டால், அப்படி ஒரு பண்பே இல்லை என்று சிவப்புக் கோடு போடும். உங்கள் நிரல் சரியாகவே ஓடும். பெட்டி எந்த வகை என்று அதற்குத் தெரியாததால் வரும் சந்தேகம் அது. அந்த ஒன்றைக் கண்டு பதற வேண்டாம்.

இது விஎஸ் கோடில் மட்டும் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் மொழியை 2012-இல் வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். அதே நிறுவனம்தான் 2015 ஏப்ரலில் விஎஸ் கோடை அறிவித்து, 2016 ஏப்ரலில் முதல் முழுப் பதிப்பைக் கொடுத்தது. டைப்ஸ்கிரிப்டுக்காகச் செய்த அந்த மொழியறிவு அப்படியே எடிட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. புள்ளி வைத்தவுடன் அடுத்து வரக்கூடிய பெயர்கள் பட்டியலாக விழுவதும் அதனால்தான். சப்ளைம் டெக்ஸ்டிலும் மற்றவற்றிலும் இதைக் கொண்டுவர முடியும், ஆனால் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அந்த வேலை தலைவலி.

சரி, உங்கள் லேப்டாப். மைக்ரோசாஃப்டின் பக்கத்தில் 1 ஜிபி ராம் போதும் என்று போட்டிருப்பார்கள். நடைமுறையில் விஎஸ் கோட் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் ஓடுவது, அதாவது உள்ளே ஒரு குரோம் பிரவுசரே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிஜ குரோமும் பத்து டேபோடு திறந்திருந்தால், விண்டோஸ் 10 எடுத்துக்கொள்வதும் சேர்ந்து 4 ஜிபி மூச்சுமுட்டும். டேபை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள், பாடம் ஓடும் யூடியூபை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டைச் செய்தே என் வகுப்பில் 4 ஜிபி லேப்டாப்பில் படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுங்கள். பழைய லேப்டாப்புக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரிந்து இல்லை.

விண்டோஸ் பதிப்பு முக்கியம், இதில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி விஎஸ் கோட் 1.70, விண்டோஸ் 8.1-க்கு 1.79, 32 பிட் விண்டோஸுக்கு 1.83. அதற்குப் பிந்தையதை இறக்கினால் நிறுவவே வராது. அரசு கொடுத்த பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்து, இறக்கியே நெட் தீர்ந்துவிட்டது அண்ணா, நிறுவ மாட்டேன் என்கிறது என்பார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் சாவியோடு பாஸ் (Pause) சாவியை அழுத்தினால் வரும் திரையில் சிஸ்டம் டைப் என்ற இடத்தில் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும், பல லேப்டாப்பில் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். பழைய விஎஸ் கோட் பதிப்புகளும் அந்தத் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றுக்கு வராது. அந்த நிலையில் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸைத்தான் நான் சொல்வேன். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், பக்கத்து ஊரில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கணினி சொல்லித் தருபவர்கள், கேட்டால் வழிகாட்டுவார்கள்.

இறக்கும்போது பெயரைப் பார்த்து இறக்குங்கள். விஷுவல் ஸ்டூடியோ வேறு, விஷுவல் ஸ்டூடியோ கோட் வேறு. முதலாவது 1997-இலிருந்து வரும் பெரிய மென்பொருள், சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்களுக்கானது, நிறுவினால் பல ஜிபி போகும். இரண்டாவதுக்கு இறக்க 200 எம்பி இருந்தால் தாராளம். அதில் யூசர் இன்ஸ்டாலர் என்பதை எடுத்தால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்காது, மையத்துக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம்.

விஎஸ் கோட் தாங்கவில்லை என்றால், சப்ளைம் டெக்ஸ்ட். மிக வேகம், ராம் கொஞ்சம்தான் எடுக்கும். விலை 99 டாலர், ஆனால் முயன்று பார்க்கக் காலக்கெடு வைக்கவில்லை, அவ்வப்போது வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். இன்னும் எளிமை வேண்டுமானால் கீனி அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ், இரண்டுமே இலவசம். உங்கள் அண்ணன் நோட்பேட் என்று சொன்னது இந்த நோட்பேட் பிளஸ் பிளஸாக இருந்தால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நிறம் காட்டும், அடைப்புக்கு ஜோடி காட்டும். ஆனால் மேலே சொன்ன சிவப்புக் கோடு அதில் தானாக வராது. வெப்ஸ்டார்ம் அருமையானது, 2024 அக்டோபரிலிருந்து வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்துபவர்களுக்கு இலவசமும்கூட, ஆனால் 8 ஜிபி இல்லாமல் தொட வேண்டாம். முழுக்க விசைப்பலகையாலேயே இயக்கும் விம் எடிட்டர் இப்போது வேண்டாம். யூடியூபில் ஆட்டம், பிராக்கெட்ஸ் என்ற பழைய எடிட்டர்களை யாராவது சொன்னால் வீடியோவின் தேதியைப் பாருங்கள். அடோபி பிராக்கெட்ஸை 2021 செப்டம்பரில் கைவிட்டது, கிட்ஹப் ஆட்டமை 2022 டிசம்பரில் மூடிவிட்டது.

விஎஸ் கோட் போட்டதும் எல்லாரும் செய்யும் அடுத்த காரியம், எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களில் இருபதை இழுத்துப் போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். லேப்டாப் மெதுவாகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் கணினியில் முழு உரிமையோடு ஓடும் ஒரு நிரல், பெயரை மட்டும் நம்பி வெளியீட்டாளர் யாரென்று பார்க்காமல் போடுவது ஆபத்து. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது லைவ் சர்வர் ஒன்றுதான். சேமித்தவுடன் பிரவுசர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இன்னொரு பயனும் உண்டு. ஃபைலை இரட்டைச் சொடுக்கித் திறந்தால், நிரலைப் பல ஃபைல்களாகப் பிரிக்கும் மாட்யூல் பாடம் வரும்போது, ஒரு ஃபைலுக்குள் இன்னொன்றை எடுக்கும் இம்போர்ட் வேலை செய்யாது, பிரவுசர் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடும். லைவ் சர்வர் வழியாகத் திறந்தால் அது வேலை செய்யும். வரிகளை ஒழுங்காக அடுக்கும் பிரிட்டியர் இரண்டாம் மாதம், தவறுகளைச் சுட்டும் இஎஸ்லிண்ட் நாலாம் மாதம் போதும்.

அப்புறம் ஏஐ. இன்றைய விஎஸ் கோடைத் திறந்ததும் கோபைலட் என்று ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும், மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்போடு இலவசமாகவும் கிடைக்கும். நீங்கள் ஒரு வரி தொடங்கினால் மங்கலான எழுத்தில் அடுத்த ஐந்து வரியை அதுவே போடும், டேப் சாவியைத் தட்டினால் உங்கள் ஃபைலில் ஒட்டிக்கொள்ளும். வேலைக்குப் போன பிறகு அது நல்ல துணை, நானே தினமும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பை இன்னும் கையால் எழுதிப் பழகாதவருக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கருத்து என்றுதான் சொல்கிறேன், மாற்றி நினைக்கும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். போன வருடம் ஒரு பையன் மூன்று வாரத்தில் அழகான ஒரு கணக்குப் பக்கம் செய்து காட்டினான். லூப்பில் எண்ணிக்கையை வைத்திருக்கும் ஐ என்ற பெயர் பூஜ்யத்தில் ஏன் ஆரம்பிக்கிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை, முகம் வாடிவிட்டது. அடுத்த நாள் அதை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். செட்டிங்ஸில் ஏஐ என்று தேடினால் மொத்தமாக அணைக்கும் தேர்வு கிடைக்கும். மூன்று மாதம் அணைத்து வைத்துப் பாருங்கள்.

தமிழில் குறிப்பு எழுதலாம், ஒன்றும் கெடாது. மாறிகளுக்கே (வேரியபிள்) விலை, அளவு என்று தமிழில் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும். வேலையிடத்தில் மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துப் பழகுங்கள், குறிப்புகளைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிட்டது என்று சிலர் சொல்வது பழைய நோட்பேடின் வேலை. 2019-க்கு முந்தைய விண்டோஸில் நோட்பேட் ஆன்சி என்ற பழைய முறையில் சேமிக்கும், அதில் தமிழுக்கு இடமில்லை. விஎஸ் கோட் தொடக்கத்திலிருந்தே தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப் 8 முறையில் சேமிக்கிறது. உங்கள் எச்டிஎம்எல் தலைப்பகுதியிலும் கேரக்டர் செட் யுடிஎஃப் 8 என்று ஒரு வரி இருக்கட்டும். ஒன்று மட்டும் உங்களைக் குழப்பும். புதுச்சேரி என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 10 என்று சொல்லும். நாம் எண்ணினால் பு, து, ச், சே, ரி என்று ஐந்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. இது எடிட்டரின் பிழை இல்லை, யூனிகோடில் தமிழ் அமைந்திருக்கும் விதம் அப்படி. ஐந்து என்று வர வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்டில் செக்மென்டர் என்று ஒரு வசதி இருக்கிறது, பிறகு படித்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, மையத்தில் கொடுக்கும் நோட்ஸிலிருந்து நிரலை எடுத்து ஒட்டாதீர்கள். வேர்டில் தட்டிய நோட்ஸ் என்றால் நேரான மேற்கோள் குறியை அது வளைந்த குறியாக மாற்றியிருக்கும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், பிரவுசரோ இன்வேலிட் ஆர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் என்று நின்றுவிடும். ஒட்டிய இடத்தில் மேற்கோள் குறிகளை அழித்துவிட்டு உங்கள் கையால் தட்டுங்கள், ஓடிவிடும்.

கரண்ட் விஷயம் நம் ஊரில் சும்மா கேட்கும் கேள்வி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் டெஸ்க்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், சட்டென்று எல்லாம் இருண்டது. கரண்ட் வந்த பிறகு விஎஸ் கோடைத் திறந்தால் சேமிக்காத ஃபைலும் அப்படியே நின்றது. சேமிக்காததையும் பின்னணியில் ஒரு நகல் எடுத்து வைப்பது அதன் வழக்கம். திடீரென்று அணையும்போது கடைசிச் சில சொற்கள் போகலாம், அதனால் ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்பதையும் டிக் செய்துவிடுங்கள். நன்றாக ஓடியதைத் திருத்தப்போய்க் கெடுத்துவிட்டால், இடது பக்கம் கீழே டைம்லைன் என்பதைத் திறங்கள், முன்பு சேமித்த ஒவ்வொரு நிலையும் நேரத்தோடு இருக்கும், வேண்டியதற்குத் திரும்பலாம்.

கடைசியாக அந்த 1,500 ரூபாய். விஎஸ் கோடுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது, படிப்புக்கும் இலவசம், கம்பெனி வேலைக்கும் இலவசம். ஜாவாஸ்கிரிப்டுக்கும், ஓட்டிப் பார்க்கும் பிரவுசருக்கும் காசு இல்லை. பயன்பாட்டுத் தகவல்களைக் கொஞ்சம் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும், செட்டிங்ஸில் டெலிமெட்ரி என்று தேடி அணைத்துக்கொள்ளலாம். அதே மூலநிரலில் அந்தப் பகுதியை நீக்கிச் செய்த விஎஸ்கோடியமும் இலவசமாகவே கிடைக்கிறது. மையத்தில் கேட்பது லேப் கட்டணமாகவோ நோட்ஸ் கட்டணமாகவோ இருக்கலாம், நான் அங்கே இல்லை, அவர்கள் என்ன நினைத்துக் கேட்கிறார்கள் என்று இங்கிருந்து முடிவு சொல்வது முறையில்லை. எந்த மென்பொருளுக்கு, யார் பெயரில் லைசென்ஸ் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எடிட்டருக்கு என்று எழுதினால் கட்ட வேண்டியதில்லை, இந்தப் பதிலைக் காட்டியே கேட்கலாம்.